கண்டதும் கேட்டதும்: கரை மின்சாரம்

சென்ற பொங்கல் விடுமுறையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள நம் அன்பர்கள் நான்கு குடும்பத்தார் ஒன்றுகூடி ஆலப்புழை சென்று, ஓர் இரவைப் படகு வீட்டில் கழித்து மீண்ட செய்தியைச் சங்கத்தில் பலரும் அறிவர். அவ்விரவு முழுதும் குளிர்சாதனம் ஓடாமல் கொசுக்கடியில் கிடந்தனர் என்பதும், அதற்குக் காரணம் இப்பகுதியை எழுதி வரும் நாமே என்பதும் அச்செய்தியைவிட விரைவாகப் பரவிவிட்டன. கூட்டத்தில் நம்மைக் கண்டவர்கள், "என்ன சார், கரண்டை நிறுத்திவிட்டீர்களாமே!" என்று நகைக்கத் தலைப்பட்டனர். நகைப்பதில் நமக்கு வருத்தமில்லை. எனினும் வருகிற கோடை விடுமுறையில் மேலும் சில குடும்பங்கள் அதே காயலுக்குச் செல்ல ஏற்பாடு செய்து வருவதாகக் கேள்வியுறுவதால், நடந்ததை நடந்தவாறே எழுதிவிடுவது நலமெனத் தோன்றியது.

கார்மேலரத்தில் ஏறி, ஓசூர், தருமபுரி, சேலம், கோவை வழியாக எறணாகுளம் சேர்ந்து, மறுநாட் காலை ஆலப்புழையை அடைந்தோம். பிள்ளைகள் எழுவர், பெரியோர் பதின்மர். படகு வீடு என்று நாம் சொல்வதை அவ்வூரார் கெட்டுவள்ளம் என்பர். ஆணி அறையாமல், அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பேற்றிய வள்ளம். முற்காலத்தில் நெல்லும் தேங்காயும் ஏற்றிச் சென்ற அதன் முதுகில் இன்று மூங்கிலாலும் பாயாலும் அறைகள் கட்டி, அவ்வறைகளுக்குள் குளிர்சாதனமும் வைத்துவிட்டார்கள். பழைய வள்ளத்தைத் தைத்த தச்சன் இதனைக் கனவிலும் கண்டிரான்.

பகல் முழுதும் இன்பமாகவே கழிந்தது. கரிமீன் வறுவலைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். அதனை இங்கே விடுவோம். மாலை ஐந்தரை மணியளவில் மீனவர் வலை வீசும் நேரம் வந்துவிடுவதால் படகுகள் யாவும் கரையணைந்து கட்டப்பட்டுவிடும். நம் படகும் தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் வேறு ஐந்தாறு படகுகளுடன் நெருங்கி நின்றது. அதுவரை பின்புறத்தில் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். திடீரென்று உலகமே அமைதியாயிற்று. நம் தாயார், "அப்பாடா, காது பிழைத்தது" என்று சொல்லி வாய் மூடவில்லை. படகாள் ஒருவர் நீண்ட வயர்ச் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்து கரையில் குதித்தார். துறையோரக் கம்பத்தில் ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து நம் படகுக்கு மின்சாரம் வந்தது.

இதைக் கண்டதும் நமக்கு ஒருவகை மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஏனெனில் இது நமக்குப் பழகிய ஏற்பாடு. நாம் புகைவண்டித் துறையில் எழுத்தர். பேனா பிடிப்பதே தொழிலாயினும், பெட்டிகளைக் கழுவிச் சீர்செய்யும் பிட் லைனுக்குக் கோப்புகளுடன் போய்வருவது வழக்கம். அங்கே நிற்கும் வண்டியின் பெட்டிகளைப் புறப்பாட்டுக்கு முன் குளிரூட்டுவதற்கு, டீசல் எரியும் மின்வண்டிப் பெட்டியை ஓட்டாமல், தரையிலிருந்தே 750 வோல்ட் மின்சாரத்தைத் தடித்த கேபிள் வழியாகக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? ஷோர் சப்ளை, அதாவது கரை மின்சாரம். கடலோ ஆறோ இல்லாத இடத்தில், தண்டவாளத்தின் நடுவே நின்றுகொண்டு கரை என்கிறார்களே என்று வேலையில் சேர்ந்த புதிதில் நாம் வியந்ததுண்டு. கப்பற்காரர்களின் சொல்லை இரயில்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள் போலும்.

கப்பற்காரர்களிடமோ இதற்கு இன்னும் வேடிக்கையான பெயர் ஒன்று உண்டு: கோல்ட் அயர்னிங், இரும்பு குளிர்தல். நிலக்கரி எரித்துக் கப்பல் ஓட்டிய நாளில், துறைமுகத்தில் நின்றதும் நெருப்பை அணைப்பார்கள். இரும்பு எந்திரம் மெல்லக் குளிர்ந்து போகும். வ. உ. சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்களும் நீராவிக் கப்பல்களே. இன்று பெருங்கப்பல்கள் துறையில் நிற்கும்போதும் விளக்குக்கும் குளிர்பெட்டிகளுக்கும் தம் எந்திரத்தை ஓட்டிப் புகையைக் கக்குவதால், கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முறை பெருகி வருகிறது. சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் துறைமுகம் சரக்குக் கப்பல்களுக்கு உயர் அழுத்த மின்சாரத்தை 2000-ல் கொடுக்கத் தொடங்கிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் 2004-ல் கொள்கலக் கப்பல்களுக்குக் கொடுத்தது. நம் நாட்டிலும் 2023-ல் மைய அரசு வெளியிட்ட பசுமைத் துறைமுக நெறிமுறைகளில் இஃது இடம்பெற்றுள்ளது.

ஆகவே கரை மின்சாரம் நல்லதே. சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேலாகத் தரும். டீசல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் இந்நாளில் யூனிட் முப்பது ரூபாய் ஆகிறது. கம்பத்து மின்சாரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் ஆகாது. சத்தமில்லை, புகையில்லை. இவ்வளவையும் நம் மைத்துனரிடம் நாம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அது நேர்ந்தது.

படகின் பின்புறத்தில் நீருக்குள் இறங்கும் இரும்பு ஏணி ஒன்று இருந்தது. பகலில் பிள்ளைகள் அதில் இறங்கிக் காலை நனைத்து விளையாடியிருந்தார்கள், படகாட்களும் தடுக்கவில்லை. விளக்கேற்றிய சற்று நேரத்தில் நம் மகன், வயது ஒன்பது, மறுபடி ஏணியைப் பிடித்து ஒரு காலைக் கீழ்ப்படிக்கு நீட்டினான். நீட்டியவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கி, "அப்பா, கம்பி கடிக்குது" என்றான்.

கம்பி கடிக்கிறது என்றால் அதன் பொருள் என்னவென்று பிட் லைன் பக்கம் போய்வந்த எவருக்கும் தெரியும். நாம் அவனை இழுத்து உட்கார வைத்து, ஒருவரும் ஏணியையோ கைப்பிடியையோ தொடக்கூடாதென்று கூவி, கரைப் பெட்டியை அணைக்கச் சொன்னோம். படகாள் தயங்கினார். சிராங்கு, அதாவது படகோட்டி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். நன்றாகவே தமிழ் பேசுவார். அவர், "பகல் முழுக்கப் பிள்ளைகள் அதே ஏணியில்தானே சாரே இருந்தது? அப்போது ஒன்றும் இல்லையே!" என்றார். நம் மைத்துனரும் அதையே சொன்னார். அவர் கணிப்பொறி நிறுவனத்தில் பொறியாளர், நாமோ மெட்ரிக்குலேஷன். யார் சொல் எடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நாம் விடாமல் கரையில் இறங்கிச் சென்று பெட்டியின் சுவிட்சை நாமே அணைத்தோம்.

சிராங்கு கேட்டது நியாயமான கேள்வி. பகலில் கடிக்காத கம்பி இரவில் கடிப்பானேன்? இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சேர வேண்டும். சேர வழியில்லையேல் அது ஓடாது. ஜெனரேட்டர் படகிலேயே இருக்கும்போது மின்சாரம் பிறக்கும் இடமும் படகு, சேரும் இடமும் படகு. குளிர்சாதனப் பெட்டியில் எங்கோ ஓர் உறை பிய்ந்து மின்சாரம் இரும்புச் சட்டத்தில் ஏறினாலும், காயல் நீர் வழியாக எங்கேயும் போக அதற்கு வேலையில்லை. ஆதலால் பழுது பகலெல்லாம் உறங்கிக்கிடந்தது. கரையிலிருந்து வரும் மின்சாரமோ அப்படியன்று. மின்வாரியத்து டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பி மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. படகில் கசியும் மின்சாரத்துக்கு அந்த மண்ணே வீடு. சட்டம், ஏணி, ஏணியின் காலடியிலுள்ள நீர், நீருக்கு அடியிலுள்ள சேறு, கரை என்று அது தன் வீட்டுக்கு வழி கண்டுகொள்கிறது. வயரைச் செருகிய கணத்தில், படகைச் சூழ்ந்த நீரே மின்கம்பியாயிற்று.

எர்த் கம்பி என்னும் மூன்றாவது கம்பி இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் நீரை நாடாமல் அதன் வழியே போய் ஃப்யூஸைப் போக்கியிருக்கும். நாம் டார்ச் அடித்துப் பார்த்தபோது வயர்ச் சுருளில் கம்பிகள் இரண்டே. பிளக்கில் மூன்று முனைகள் இருந்தும் பெரிய முனை வெறும் அலங்காரம். நடுவில் ஓர் ஒட்டு. அதன்மேல் கறுப்பு டேப். அந்த ஒட்டும் நீரில் தொங்கிக்கொண்டிருந்தது. கசிவைக் கண்டறிந்து தானே அணையும் கருவி, வீடுகளில் நாம் ஆர்.சி.சி.பி. என்றும் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வது, கரைப் பெட்டியிலும் இல்லை, படகிலும் இல்லை.

இன்னொன்று. நாம் சென்றது தை மாதம். தண்ணீர்முக்கம் என்னுமிடத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே ஓர் அணை உண்டு. குட்டநாட்டு நெல்வயல்களுக்குள் கடலின் உப்புநீர் ஏறிவிடாதபடி அதன் கதவுகளை வழக்கமாக டிசம்பர் நடுவில் அடைத்து, அறுவடையை ஒட்டித் திறப்பார்கள். அடைத்திருக்கும் மாதங்களில் ஆலப்புழைப் பக்கத்து நீர் பெரிதும் நன்னீராகவே இருக்கும். உப்புநீரைவிட நன்னீர் பாதுகாப்பானது என்றுதான் எவரும் எண்ணுவர். மின்சாரத்தைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறு. கடல்நீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நீரில் கசிந்த மின்சாரம் நீந்துகிறவனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நன்னீரோ உடலைவிட மோசமான கடத்தி. உடலுக்குள் உப்பும் குருதியும் இருப்பதால் மின்சாரம் அவ்வுடலையே எளிய பாதையாகக் கொண்டு ஊடுருவும். 10 மில்லி ஆம்பியரைச் சற்றுத் தாண்டினாலே தசைகள் நம் சொல் கேளா. நீச்சல் அறிந்தவனும் கை காலை அசைக்கவியலாமல், கூச்சலிடவும் இயலாமல் அமிழ்ந்து போவான். உடலில் தீக்காயம் இராது. நீரில் மூழ்கி இறந்தான் என்றே எழுதிவிடுவார்கள். அமெரிக்க நாட்டில் ஏரிகளின் படகுத் துறைகளில் இவ்வாறு பல உயிர்கள் போனதால், 2017-ஆம் ஆண்டு மின்விதியில், படகுத் துறைகளுக்குச் செல்லும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் தானே அணைந்துவிட வேண்டுமென்று விதித்தார்கள். மின்சாரம் கொடுக்கும் நன்னீர்த் துறைக்கு அருகில் நீந்தவே கூடாதென்பதும் அங்கே எங்கும் சொல்லப்படுவது.

இதையெல்லாம் அந்த இருட்டில் நின்றுகொண்டு நாம் சொன்னபோது சிராங்கு வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் இளையவனும் இந்தத் துறையில்தான் தினம் குளிப்பது" என்றார். அதற்கு மேல் அவரிடம் நாம் வாதிக்க நேரவில்லை. அவரே வயரைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

பிறகு வந்தது சோதனை. ஜெனரேட்டரை ஓட்டலாமே என்றார்கள். பழுதான பெட்டியை நிறுத்திவிட்டு மற்றவற்றை ஓட்டலாம்தான். ஆனால் இரவெல்லாம் ஓட்ட டீசல் இல்லை. மின்கலத்தில் இரண்டு சிறு விளக்குகள் மட்டும் எரிந்தன. குளிர்சாதன அறைக்கென்று பணம் கட்டியவர்கள் முகம் எப்படியிருக்கும்? நம் மைத்துனர் பாயை உதறியபடி, "நாளைக்கு வீட்டில் இருக்கிற ஃப்ரிட்ஜையும் பிடுங்கிப் போட்டுவிடுவார் அத்தான்" என்று நம் காதில் விழும்படி சொன்னார். நம் மனையாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுதும் பையன்மீது கை வைத்தபடியே உறங்கினாள். நமக்கும் ஐயம் எழாமலில்லை. ஒரு பிள்ளையின் சொல்லை நம்பி இத்தனை பேரை வாட்டுகிறோமோ, வெறும் நீர்ச்சிலிர்ப்பாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று புரண்டுகொண்டே கிடந்தோம்.

காலையில் மின்வேலை தெரிந்த ஒருவர் பக்கத்துப் படகுக்கு வந்திருந்தார். மைத்துனரே அவரை அழைத்து வந்து, மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது அறைக் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் வயர் தகட்டில் உரசி உறை கிழிந்திருந்தது. அதைத் தாங்கிய இரும்புச் சட்டமும் ஏணியும் ஒரே குழாயில் பற்றவைக்கப்பட்டவை. மைத்துனர் நம்மிடம் வந்து, "காப்பி குடித்தீர்களா அத்தான்?" என்றார். அவ்வளவுதான், நமக்கு அதுவே போதுமாயிருந்தது.

நிற்க. கோடையில் செல்லவிருக்கும் அன்பர்கள் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது, இரவில் மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்பது. கரையிலிருந்து என்றால், கசிவுக்கு அணையும் கருவி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அதன் சோதனைப் பொத்தானை உங்கள் கண்முன் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். டக்கென்று விழ வேண்டும். வயரில் மூன்று கம்பிகள் இருக்கின்றனவா, ஒட்டில்லாமல் முழுதாய் இருக்கிறதா, நீரில் தொங்காமல் தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செருகுவதற்கும் ஒரு முறை உண்டு. கரைச் சுவிட்சை அணைத்து வைத்து, முதலில் படகின் முனை, பிறகு கரையின் முனை, கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சை அணைத்துக் கரை முனையை முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால், உயிருள்ள பிளக்கு ஒன்று ஒருவர் கையில் ஊசலாடிக்கொண்டு நீரோரத்தில் நிற்கும்.

வயரின் தடிமனும் கவனிக்கத் தக்கது. குளிர்சாதனங்கள் இரண்டு சேர்ந்து 3,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் தூரம் போய்வர ஏறத்தாழ 16 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 200 வாட் வயரைச் சூடாக்கும். நீளமாகக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும். மிச்சத்தைச் சுருளாகவே வைத்திருந்தால் சுருளின் நடுவில் உறை உருகும். நம் படகில் பாதிச் சுருள் பாயின் மேல்தான் கிடந்தது.

சொந்தமாக இரும்புப் படகோ அலுமினியப் படகோ வைத்திருப்போர் எர்த் கம்பியை வேண்டுமென்றே துண்டித்துவிடுவதும் உண்டு. அக்கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளின் உலோகங்களெல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, நீரே மின்கலமாகி, ஒருவர் படகு மற்றொருவர் படகை அரித்துத் தின்றுவிடும் என்பது மெய்யே. அதற்கு மருந்து தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர், கம்பியைத் துண்டிப்பதன்று.

கேரளத்தையே குறை கூறியதாக எவரும் கொள்ள வேண்டாம். இத்துறையில் நாடே பார்த்துக் கற்கத்தக்க வேலையும் அங்கேதான் நடந்திருக்கிறது. திரும்பும் வழியில் வைக்கத்தில் இறங்கினோம். 1924-ல் தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தாலும், பெரியாராலும் அவ்வூர் தமிழர்க்கு அயலூர் அன்று. அங்கிருந்து தவணக்கடவுக்கு 75 பேரை ஏற்றிச் செல்லும் ஆதித்யா என்னும் சூரிய மின்படகு 2017 ஜனவரியில் விடப்பட்டது. கூரைமேல் சூரியத் தகடுகள். பற்றாத மின்சாரத்தைக் கரையிலிருந்து மின்கலத்தில் ஏற்றிக்கொள்ளும். கொச்சி நீர்வழி மெட்ரோவோ 2023 ஏப்ரலில் தொடங்கிற்று. கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டிய படகுகள் நூறு பேரைக் கொள்ளும். துறைகள் மிதக்கும் மேடைகளாதலால் ஏற்றவற்றத்தில் படகும் மேடையும் சேர்ந்தே எழுந்து தாழும், கேபிள் இழுபடுவதில்லை. பயணிகள் இறங்கி ஏறும் சிறு பொழுதில் மின்னேற்றிக்கொள்கின்றன. நம் மகன் அம்மேடையின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே படகில் ஏறினான்.

படகு ஏறாத அன்பர்களுக்கும் ஒரு சொல். நம் அடுக்ககங்களில் தரைக்குக் கீழே நீர்த்தொட்டி உண்டு, சம்ப் என்பார்கள். அதனுள் மூழ்கிய பம்பு. அதன் வயரிலும் ஒட்டு. கழுவ இறங்குகிறவர்கள் இடுப்பளவு நன்னீரில் நிற்கிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் காயல் இல்லையேயொழிய, ஏணி இருக்கிறது, நீர் இருக்கிறது, கரை மின்சாரமும் இருக்கிறது. ஆள் இறங்குமுன் சுவிட்சை மட்டுமன்று, மெயினையே அணைக்கும்படி நம் குடியிருப்புச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துள்ளோம். நீரில் எவரேனும் விறைத்துப் போவதைக் கண்டால் உடனே குதித்துவிடக் கூடாது. குதித்தவரையும் அது பிடிக்கும். முதலில் மின்சாரத்தை அணைத்து, கயிறோ மிதவையோ எறிய வேண்டும்.

குளிர்சாதனத்துக்கென்று கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகப் படகுக்காரர் அன்று ஒப்புக்கொண்டார். இதுகாறும் வரவில்லை. நான்கு குடும்பத்தின் கணக்கும் நம்மிடமே இருப்பதால், நினைவூட்டுக் கடிதங்களையும் நாமே எழுதி வருகிறோம், இம்மாதத்தோடு மூன்றாயிற்று.